தொடக்கப் பள்ளியில் தர மேலாண்மையும் புத்தாக்கமும்: மொரீசியஸ் ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்புத் தேர்வில் ஒரு பிள்ளை தவறும்போது, குறை அந்த ஆண்டில்தான் உண்டானது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் எண்ணிக்கொள்கிறோம். அதே பிள்ளையின் மூன்றாம் வகுப்பு நோட்டை எடுத்துப் புரட்டினால் உண்மை தெரிந்துவிடும். கரும்பலகையைப் பார்த்து எழுதிய பத்தியில் ஒரு பிழையும் இராது. சொந்தமாக எழுதச் சொன்ன இடத்தில் இரண்டே சொற்கள் நிற்கும். குறை அன்றே கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது, ஆனால் அதைத் தேடிப் பார்க்கும் முறை பள்ளியில் இருந்ததில்லை. அந்த முறையைத்தான் தர மேலாண்மை என்று சொல்கிறோம். இந்த வழிகாட்டி மொரீசியஸ் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றும் தலைமையாசிரியர்களுக்கும், பொதுப்பாட ஆசிரியர்களுக்கும், குறிப்பாகத் தமிழாசிரியர்களுக்கும் எழுதப்படுகிறது. பல ஆண்டுகள் தமிழ் வகுப்பில் நின்றவள் என்ற முறையில் நான் செய்து பார்த்தவற்றையே பெரும்பாலும் இங்கே சொல்கிறேன்.

தரம் என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒரு தெளிவு வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் பள்ளியின் தரம் என்றால், தொடக்கக் கல்வியின் முடிவில் நடந்த சி.பி.இ. தேர்வின் முடிவு என்றே பொருள். ஒன்பதாண்டுத் தொடர் அடிப்படைக் கல்விச் சீர்திருத்தத்தின்கீழ் 2017இல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டு, பி.எஸ்.ஏ.சி. என்னும் தொடக்கப் பள்ளிச் சாதனைச் சான்றிதழ் அதன் இடத்துக்கு வந்தது. அந்தச் சீர்திருத்தத்தின்கீழ், அதில் தேறாதவர்கள் இடைநிலைப் பள்ளியில் நீட்டிக்கப்பட்ட நான்காண்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். தேர்வின் பெயரும் வடிவமும் மாறிவிட்டன. கடைசியில் வரும் முடிவைப் பார்த்துப் பள்ளியை எடைபோடும் பழக்கம் மாறவில்லை. தர மேலாண்மையின் முன்னோடிகளுள் ஒருவரான டெமிங், 1950இல் ஜப்பானியத் தொழில்துறையினருக்குப் பாடம் நடத்தியவர், கடைசிக் கட்டச் சோதனையை நம்பித் தரத்தை உண்டாக்க முடியாது என்பதைத் தம் பதினான்கு கோட்பாடுகளுள் மூன்றாவதாக வைத்தார். தொழிற்சாலைக்குச் சொன்னதைப் பள்ளிக்கு அப்படியே பொருத்தக் கூடாது, ஏனெனில் பிள்ளைகள் பொருள்கள் அல்லர். ஆனால் இந்த ஒரு கோட்பாடு தொழிற்சாலையைவிடப் பள்ளிக்கே கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து. பழுதான பொருளை ஒதுக்கிவிட்டு வேறொன்றைச் செய்துகொள்ளலாம். ஒரு பிள்ளையின் ஆறு ஆண்டுகளை மீண்டும் தர எவராலும் முடியாது.

முதல் படி: ஒரு சிறு குழுவும் ஒரு நிலையான நேரமும்

தலைமையாசிரியர் அல்லது துணைத் தலைமையாசிரியர், இரண்டு பொதுப்பாட ஆசிரியர்கள், கீழ்வகுப்புகளில் உதவும் ஆதரவு ஆசிரியர் ஒருவர், மொழியாசிரியர் ஒருவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒருவர் என ஆறு பேர் போதும். பத்துப் பேருக்குமேல் சேர்ந்தால் அது கூட்டமாகிவிடும், வேலை நடக்காது. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், நாற்பது நிமிடம் என்று முன்கூட்டியே அட்டவணையில் எழுதிவிட வேண்டும்.

மொழியாசிரியரைக் குழுவில் கட்டாயம் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி முதலிய மொழிகளின் வேளை வரும்போது ஒரு வகுப்புப் பிள்ளைகள் பல அறைகளுக்குப் பிரிந்து செல்வார்கள். அந்த வேளையில் தமிழாசிரியரிடம் வருவது பெரும்பாலும் சிறிய குழுவே. முப்பது பேர் நடுவே வாய் திறக்காத பிள்ளை எட்டுப் பேர் நடுவே பேசிவிடும். அதன் கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் சாப்பிட்டு வந்ததா என்பதெல்லாம் மொழியாசிரியருக்கு முதலில் தெரியவரும். அவரை 'விருப்பப் பாட ஆசிரியர்' என்று ஒதுக்கி வைக்கும் பள்ளி தன்னிடம் இருக்கும் நல்ல தகவலை வீணாக்குகிறது. இதை நான் மனவருத்தத்தோடு எழுதுகிறேன்.

இரண்டாம் படி: இன்றைய நிலையை அறிதல்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுவே, ஆதலால் இதை விரிவாகச் சொல்கிறேன். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கிய முதல் மூன்று வாரங்களுக்குள், இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் கணக்கையும் தனித்தனியே பார்த்துவிட வேண்டும். அது மதிப்பெண் போடும் தேர்வாக இருக்கக் கூடாது.

வாசிப்புக்குப் பிள்ளை இதற்குமுன் பார்த்திராத அறுபது சொல் பத்தி ஒன்றை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தயாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அறையின் ஒரு மூலைக்கோ தாழ்வாரத்துக்கோ தனியே அழைத்து உட்காரவைத்து, ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையில் அதே பத்தியின் படி இருக்கட்டும். தடுமாறிய சொல்லின்மேல் ஒரு கோடும், விட்டுவிட்ட சொல்லின்மேல் ஒரு வட்டமும் போடுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். நிமிடம் முடிந்ததும் பத்தியைப் பற்றி மூன்று எளிய கேள்விகளைக் கேளுங்கள், அவற்றைப் பிள்ளைகள் பேசும் கிரியோல் மொழியிலேயே கேட்கலாம். வேகமாக வாசித்தும் மூன்று கேள்விக்கும் விடை தெரியாத பிள்ளைகள் பலர் இருப்பதைக் காண்பீர்கள். அவர்கள் வாசிக்கிறார்கள் என்றே நாம் அதுவரை நம்பியிருப்போம்.

இந்தச் சோதனையைத் தனியே நடத்தச் சொல்வதற்கு என் சொந்தத் தவறே காரணம். முதன்முறை நான் இதைச் செய்தபோது, நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணி வகுப்புக்கு முன்னாலேயே ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொன்னேன். நான்காவதாக எழுந்த சிறுவன் புத்தகத்தைக் கையில் வைத்தபடி ஒரு சொல்லும் பேசாமல் நின்றான். அவனுக்கு எழுத்தே தெரியாது என்று என் தாளில் குறித்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து, நூலக அலமாரிக்குப் பின்னால் தன் தங்கைக்கு அவன் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுவதைக் கேட்டபோதுதான், தவறாக அளந்தவள் நான் என்று தெரிந்தது.

தமிழ் வாசிப்பை அளக்கத் தனி முறை வேண்டும். நம் பிள்ளைகளின் வீட்டுமொழி பெரும்பாலும் கிரியோல். தமிழை அவர்கள் பள்ளியிலும் கோயிலிலுமே கேட்கிறார்கள். ஆகவே 247 எழுத்தும் தெரியுமா என்று கேட்பதில் பயனில்லை. நாற்பது உயிர்மெய் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து அட்டைகளில் எழுதிக் காட்டுங்கள். அவற்றில் மூன்று வகைக் குழப்பங்களைத் தேடிப் பாருங்கள். முதலாவது குறிலும் நெடிலும்: 'கல்' என்பதும் 'கால்' என்பதும் வேறு வேறு என்பதைக் கிரியோல் பேசும் காது உடனே பிடிப்பதில்லை, ஏனெனில் உயிரொலியின் நீளத்தால் பொருள் மாறும் வழக்கம் அந்த மொழியில் தமிழில்போல் இல்லை. இரண்டாவது கொம்புகள்: 'கெ' என்பதையும் 'கே' என்பதையும், 'கொ' என்பதையும் 'கோ' என்பதையும் பிள்ளை ஒன்றாகவே வாசிக்கும். மூன்றாவது ல, ள, ழ என்னும் மூன்றும். இதில் 'ழ' சரியாக வரவில்லை என்று ஒரு பிள்ளையைக் கீழ்நிலையில் வைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டிலேயே பலருக்கு அது வருவதில்லை. குறில் நெடில் குழப்பம் மட்டும் பொருளையே கெடுத்துவிடும் என்பதால் அதற்கு முதலிடம் கொடுங்கள்.

கணக்குக்குப் பத்துக் கேள்விகள் போதும்: எண்களாகவே கொடுக்கப்பட்டவை ஐந்து, சொற்களில் கொடுக்கப்பட்டவை ஐந்து. இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும். ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்.

மூன்றாம் படி: நிலைவாரியாகப் பிரித்தல்

கிடைத்த விவரங்களை ஒரே தாளில் எழுதுங்கள். எழுத்து, சொல், வரி, பத்தி என நான்கு நிலைகள் போதும். இந்தியாவில் பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் வளர்த்தெடுத்த 'நிலைக்கேற்ற கற்பித்தல்' முறையும் ஏறக்குறைய இவ்வாறே பிரிக்கிறது. வயதையும் வகுப்பையும் பாராமல், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவதே அதன் சாரம். தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள். எந்தப் பிள்ளையும் தன்னை 'எழுத்து நிலை' என்று அறிந்துகொள்ளத் தேவையில்லை.

நான்காம் படி: காரணத்தைக் கண்டறிதல்

இங்கேதான் பள்ளிகள் அவசரப்படுகின்றன. கணக்கில் மதிப்பெண் குறைந்தால் கூடுதல் கணக்கு வகுப்பு, வாசிப்பில் குறைந்தால் கூடுதல் வீட்டுப்பாடம் என்று உடனே தீர்வுக்குத் தாவிவிடுகிறோம். டொயோட்டா ஆலைகளில் வேரூன்றிய ஒரு வழக்கம் உண்டு: ஏதேனும் பழுது கண்டால் 'ஏன்' என்று ஐந்துமுறை கேட்பார்கள். ஜப்பானியப் பேராசிரியர் இஷிகாவா வகுத்த மீன்முள் வரைபடமும் இதற்கு உதவும். பிரச்சினையை மீனின் தலையில் எழுதி, பாடநூல், மொழி, நேரம், வீடு, கற்பிக்கும் முறை என ஒவ்வொரு வகைக் காரணத்தையும் ஒரு முள்ளாக வரைய வேண்டும். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் இதற்குப் போதுமானது.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி, எண்களாகக் கொடுத்த ஐந்து கணக்கையும் சரியாகப் போட்டாள்; சொற்களில் கொடுத்த ஐந்தில் நான்கைத் தவறவிட்டாள். அவற்றில் ஒன்று, ரவியிடம் 12 மாம்பழமும் மீராவிடம் 7 மாம்பழமும் இருந்தால், ரவியிடம் மீராவைவிட எத்தனை கூடுதலாக இருக்கின்றன என்பது. கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. அவள் எழுதிய விடை 19. ஏன் கூட்டினாய் என்று கேட்டதற்கு, 'மோர்' என்று இருக்கிறதே என்றாள். 'மோர்' என்ற சொல் வந்தால் கூட்ட வேண்டும் என்று எங்கோ கற்றிருக்கிறாள். அதே கேள்வியை மேசைமேல் புளியங்கொட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கிவைத்துக் கிரியோலில் கேட்டேன். விரலால் ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்த்துவிட்டு, மிஞ்சியவற்றை எண்ணி, தயங்காமல் ஐந்து என்றாள். அவளுக்குக் கழித்தலில் எந்தக் குறையும் இல்லை. கூடுதல் கணக்கு வகுப்பு வைத்திருந்தால், ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி நூறு முறை செய்திருப்பாள். தெரியாதது தெரியாததாகவே இருந்திருக்கும்.

இது ஒரு சிறுமியின் கதை மட்டும் இல்லை என்றே எண்ணுகிறேன். தென், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆறாம் வகுப்பு மாணவர்களை அளந்த சாக்மெக் ஆய்வின் மூன்றாம் சுற்றில், 2007இல், மொரீசியஸ் பிள்ளைகள் கணக்கில் ஏறக்குறைய 623 புள்ளியும் வாசிப்பில் ஏறக்குறைய 574 புள்ளியும் பெற்றார்கள். கணக்கில் பங்கேற்ற நாடுகளுள் நாம் முதலிடத்தில் இருந்தோம், வாசிப்பில் அவ்வளவு உயரத்தில் இல்லை. இரண்டு பாடங்களின் புள்ளிகளை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் கவனம் வேண்டும் என்றாலும், கிரியோலில் நினைத்து, பிரெஞ்சைக் கேட்டு, ஆங்கிலத்தில் தேர்வெழுதும் பிள்ளைக்கு மொழியே முதல் தடை என்பதை வகுப்பறையில் நிற்கும் எவரும் அறிவர். கிரியோல் 2012 முதல் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக இருக்கிறது. அதைத் தமிழுக்குப் போட்டியாகக் கருதும் தமிழன்பர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. பிள்ளையின் வீட்டுமொழியைப் பாலமாக வைக்காமல் அதற்கு எந்த மொழியையும் கற்பிக்க முடியாது, தமிழையும்தான்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு மாற்றம், ஆறு வாரம்

காரணம் தெரிந்தபின் செய்யவேண்டியது ஒரு சிறிய மாற்றம். ஒரே நேரத்தில் நான்கைந்து புதுமைகளைத் தொடங்கினால் எது பலன் தந்தது என்று தெரியாது. திட்டமிடு, செய், ஆராய், சரிசெய் என்ற நான்கு கட்டச் சுழற்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்றாவது கட்டத்தைப் பலர் 'சரிபார்' என்பார்கள். டெமிங் 'ஆராய்' என்ற சொல்லையே விரும்பினார். சரிபார்ப்பவர் செய்தோமா இல்லையா என்று மட்டும் பார்ப்பார். ஆராய்பவர் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்பார். ஆறு வாரத்துக்கு ஒரு சுழற்சி என வைத்துக்கொண்டால் ஒரு பருவத்தில் ஒன்றை நிறைவாக முடிக்கலாம்.

புத்தாக்கம் என்றவுடன் கருவிகளையே பலர் நினைக்கிறார்கள். நம் பள்ளிகளுக்கு முன்பு மின்பலகைகள் வந்தன, பிறகு கீழ்வகுப்புகளுக்கு டேப்லெட்டுகள் வந்தன. கருவி தவறில்லை. ஆனால் குறில் நெடில் பிரிக்கத் தெரியாத பிள்ளையின் கையில் டேப்லெட்டைக் கொடுத்தால், அது படத்தைப் பார்த்து விடையை ஊகித்துப் பச்சை விளக்கை வாங்கிவிடும். கருவியை எந்தக் குறைக்கு மருந்தாகத் தருகிறோம் என்று ஒரே வரியில் எழுத முடிந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

செலவில்லாத மாற்றங்களில் எனக்கு நல்ல பலன் கிடைத்த சிலவற்றைச் சொல்கிறேன். மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒரே வேளையில் இருபது நிமிட வாசிப்பை ஒதுக்கி, இரு வகுப்புப் பிள்ளைகளையும் நிலைவாரியாகக் கலந்து உட்காரவைத்தோம். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று சொல் நிலையில் இருந்தால் அது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வெட்கமின்றி அமரும், ஏனெனில் எல்லாரும் இடம் மாறுகிறார்கள். சொற்கணக்குகளுக்கு, பென்சிலைத் தொடுவதற்குமுன் கேள்வியைத் தன் வாயால் கிரியோலில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். இந்த இரண்டாவது மாற்றத்துக்கு ஒரு கேள்விக்கு அரை நிமிடம்தான் கூடுதலாகப் பிடித்தது.

தமிழ் வகுப்புக்கு, பிள்ளைகளின் கண்ணில் நாள்தோறும் படும் தமிழ் எழுத்தைத் தேடிப் பிடிப்பதே எனக்குப் பிடித்த வழி. நம் நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழில் தொகை எழுதப்பட்டிருக்கிறது. 1998இல் வெளியான நோட்டுகளில் அந்த வரிசை மாறி இந்திக்குப் பின் தமிழ் வந்தபோது, நம் சமூகம் எழுப்பிய எதிர்ப்பால் அவை திரும்பப் பெறப்பட்டு, வரிசை பழையபடியே அமைந்தது. இவ்வளவு பெரியவர்கள் போராடிக் காத்த அந்த எழுத்தை எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள்? இருபத்தைந்து ரூபாய், ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளை ஆளுக்கொன்றாய்க் கொடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் தமிழ் வரியைத் தேடச் சொல்லுங்கள். 'ரூபாய்' என்ற ஒரே சொல்லில் நெடில் ஊவும் நெடில் ஆவும் இருக்கின்றன. அதை நீட்டாமல் சொன்னால் எப்படி இருக்கும், நீட்டிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று வாயால் சொல்லிப் பார்த்தபின், கோயில் அறிவிப்புப் பலகைக்கும், தைப்பூசக் காவடி நிகழ்ச்சி நிரலுக்கும், திருமண அழைப்பிதழுக்கும் நகரலாம். அன்று வகுப்பு முடிந்ததும் நோட்டுகளை எண்ணி வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

ஆறு வாரம் கழித்து அதே ஒரு நிமிட வாசிப்பை, அதே கடினத்தில் வேறு பத்தியோடு, அதே ஆசிரியர் நடத்தவேண்டும். எழுத்து நிலையிலிருந்து சொல் நிலைக்கு எத்தனை பேர் ஏறினார்கள், யார் ஏறவே இல்லை என்பதை எழுதுங்கள். ஏறாத பிள்ளைகளின் பட்டியலே அடுத்த வாரக் கூட்டத்தின் பொருள். அந்தப் பட்டியல் மூன்று பேராகச் சுருங்கும்போது, அவர்களுக்குக் கண் பரிசோதனையோ, செவிப் பரிசோதனையோ, சிறப்புக் கல்வி உதவியோ தேவையா என்று பெற்றோரிடம் பேசும் துணிவு உங்களுக்கு வரும்.

ஆறாம் படி: ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்தல்

ஜப்பானியப் பள்ளிகளில் நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் பாட ஆய்வு முறையில், சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள்; ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். கவனிக்கப்படுவது ஆசிரியர் இல்லை என்பதே இதன் உயிர்நாடி. நம்மிடையே வகுப்புக்குள் வேறொருவர் நுழைந்தாலே ஆய்வாளர் வந்ததுபோல் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. அந்த அச்சம் போக ஒரு பருவமாவது ஆகும்.

தொடக்கத்துக்கு எளிய கருவி ஒன்று: வகுப்பின் இருக்கை வரைபடம். பார்வையிடுபவர் ஒவ்வொரு பிள்ளை பேசும்போதும் அதன் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பார். முப்பது நிமிடம் கழிந்ததும் தாளை எடுத்துப் பாருங்கள். என் வகுப்பில் முதன்முறை வைத்தபோது முன்வரிசையிலும் நடுவிலும் புள்ளிகள் குவிந்து கிடந்தன. சன்னலோரத்தில் ஏழு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அந்த ஏழு பேரையும் நான் தவிர்க்கவில்லை என்றே மனமார நம்பியிருந்தேன். அடுத்த நாளிலிருந்து பெயர் எழுதிய குச்சிகளை டப்பாவிலிருந்து எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

ஏழாம் படி: எதை எண்ணுவது, எப்போது எண்ணுவது

அளவுகோல்கள் ஐந்துக்குமேல் வேண்டாம். வருகை, வாசிப்பு நிலை, சொற்கணக்கு, ஆசிரியர் திருத்தியதும் பிள்ளை மீண்டும் எழுதிப் பார்த்ததுமான நோட்டுகளின் எண்ணிக்கை, பெற்றோர் சந்திப்புக்கு வந்தவர்கள் என்ற ஐந்தும் போதுமானவை. பி.எஸ்.ஏ.சி. முடிவு ஆறாவதாக இருக்கட்டும். அது ஆண்டில் ஒருமுறை வருவது, வரும்போது அந்தப் பிள்ளைகள் பள்ளியைவிட்டுப் போயிருப்பார்கள்.

நாட்காட்டியில் ஓர் எச்சரிக்கை. நம் முதல் பருவம் சூறாவளிக் காலத்தில் வருகிறது. எச்சரிக்கை விடுக்கப்பட்டால் பள்ளிகள் மூடப்படலாம், பெருமழைக்கும் மூடப்படலாம். 2024 ஜனவரி 15இல் பெலால் சூறாவளி போர்ட் லூயிஸைப் புரட்டியெடுத்தது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே முதல் பருவத்தின் ஆறு வாரச் சுழற்சியை எட்டு வாரமாகத் திட்டமிடுங்கள். நிலையறிதலை மட்டும் பள்ளி திறந்த உடனே தொடங்கிவிடுங்கள்.

எட்டாம் படி: வீட்டோடு பேசுதல்

பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண் அட்டையை நீட்டினால் தந்தையார் பிள்ளையை முறைப்பார், தாயார் தனிப்பயிற்சிக்கு யாரைப் பார்க்கலாம் என்று கேட்பார். அதற்குப் பதிலாக, ஜனவரியில் பிள்ளை வாசித்த தாளையும் மார்ச்சில் வாசித்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கோடுகளும் வட்டங்களும் குறைந்திருப்பதை எழுத்தறியாதவரும் காண்பார். பேச்சு கிரியோலில் நடக்கட்டும்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எதையும் சொல்லாதீர்கள். ஒருமுறை ஒரு பாட்டியார், தமக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது, பேரனுக்கு எப்படி உதவுவது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவன் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முடித்ததும் கதையில் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள் என்றேன். இரண்டு மாதத்தில் அவன் மூன்று கேள்விக்கும் விடை சொல்லத் தொடங்கினான். பாட்டியார் உண்மையிலேயே கதை தெரியாமல் கேட்டதால், அவன் உண்மையிலேயே சொல்லவேண்டியிருந்தது.

ஒன்பதாம் படி: ஆவணங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கல்வி அமைச்சின் தர உறுதிப்பாட்டு ஆய்வுக்குப் பதிவேடுகள் வேண்டும் என்பது உண்மை. 2018இல் முதலில் வெளியான ஐ.எஸ்.ஓ. 21001 கல்வி நிறுவனங்களுக்கென்றே வகுக்கப்பட்ட மேலாண்மைத் தரநிலை. அதன் சான்றிதழ் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தேவையில்லை, ஆனால் கற்பவரை நடுவில் வைத்து நோக்கம், பொறுப்பு, அளவீடு, மேம்பாடு என்று அது வரிசைப்படுத்தும் விதம் திட்டமெழுத உதவும். நான் பணியாற்றிய ஓர் இடத்தில், ஆய்வு வருகிறது என்று இரண்டு வாரம் உழைத்து மூன்று தடித்த கோப்புகளைத் தயாரித்தோம். அந்த இரண்டு வாரமும் வாசிப்பு வேளை நடக்கவில்லை. அன்றிலிருந்து என் விதி இதுதான்: நாம் வாரக் கூட்டத்தில் பயன்படுத்தும் தாளே ஆய்வாளருக்குக் காட்டும் தாளாக இருக்கவேண்டும், அவருக்கென்று தனியாக எதையும் எழுதக் கூடாது.

பத்தாம் படி: நிலைப்படுத்தலும் கையளிப்பும்

அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு இடமாற்றம் உண்டு. நல்ல முறை ஒன்றைத் தொடங்கியவர் மாற்றலாகிப் போனதும் முறையும் போய்விடுவதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே பலன் தந்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள்: எந்தக் குறைக்காகத் தொடங்கினோம், நாள்தோறும் என்ன செய்தோம், எவ்வளவு நேரம் பிடித்தது, யாருக்குப் பலன் தந்தது, யாருக்குத் தரவில்லை. பலன் தராத மாற்றங்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதே ஆறு வாரத்தை மறுபடி இழப்பார்.

நவம்பரில் பள்ளி ஆண்டு முடிவதற்குமுன், ஒவ்வொரு வகுப்பாசிரியரும் அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளைப் பெறப்போகும் ஆசிரியரோடு அரைமணி நேரம் உட்கார வேண்டும். அவர் யார் என்று இன்னும் தெரியாவிட்டால் துணைத் தலைமையாசிரியரோடு உட்காரலாம். பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சன்னலோரத்தில் பேசாமல் இருக்கும் பிள்ளை யார், கண்ணாடி வாங்கித் தந்தும் அணியாத பிள்ளை யார், புளியங்கொட்டை இருந்தால் கணக்குப் போடும் பிள்ளை யார் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஒரு நிமிட வாசிப்புத் தாள்களை ஓர் உறையிலிட்டு, வகுப்பின் பெயரை மேலே எழுதி, தலைமையாசிரியர் அறை அலமாரியில் வையுங்கள். ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் அந்த உறையிலிருந்தே புதிய ஆசிரியர் தொடங்கட்டும்.